வீதிகளின் ஊர்: மதுரையை நடந்து காணுதல்
(தொடர் – பகுதி 12)

மதுரையின் தொன்மையைக் கட்டடங்களில் தேடத் தொடங்குவோர் விரைவிலேயே ஒரு முரணைச் சந்திக்கின்றனர். ஊரின் நடுவே நிற்கும் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கோபுரங்களுள் பழையதாகிய கிழக்குக் கோபுரம், 1216 முதல் 1238 வரை ஆண்ட மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில் தொடங்கப்பட்டது. உயரத்தில் முதலிடம் பெறும் தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டினது. கோயிலின் பெரிய மண்டபங்களுள் பலவும் நாயக்கர் ஆட்சியில் எழுந்தவை. திருமலை நாயக்கரின் அரண்மனைக்கு இன்னும் நானூறு ஆண்டுகள் நிறையவில்லை. கோட்டையோ அநேகமாக முற்றிலும் மறைந்துவிட்டது. ஆனால் ஊரின் பெயர், கி.மு. காலத்தவை எனக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலேயே வந்துவிடுகிறது. வழிகாட்டிகள் சிலர் கோயிற்சுவரைக் காட்டி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு என்று சொல்வது மிகை. அந்தப் பழமை இந்த ஊரில் வேறோர் இடத்தில் இருக்கிறது: எந்தப் பொருள் எந்தத் தெருவில் விற்கப்படவேண்டும், அத்தெருக்கள் எதைச் சுற்றி ஓடவேண்டும் என்ற ஒழுங்கில் அது இருக்கிறது. அந்த ஒழுங்கை நடந்தே காணமுடியும் என்பதால், சென்ற பகுதிகளில் அரசர் வரிசையைப் பின்பற்றிய இத்தொடர், இப்பகுதியில் வீதிகளையும் அவற்றில் விலையாகும் உணவையும் பின்பற்றுகிறது.

இவ்வாறு நடந்து காணும் முறைக்கே மதுரையில் இலக்கிய முன்னோர் உண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் நீளமானதாகிய மதுரைக்காஞ்சி, மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது. 782 அடிகள் கொண்ட அந்நூலில், அகழியும் மதிலும் வாயிலும் கடந்து ஊருக்குள் நுழையும் புலவர், ஆற்றின் அகலத்தோடு ஒப்பிடும் தெருக்களில் நாளங்காடி எனப்பட்ட பகற்கடைகளையும் அல்லங்காடி எனப்பட்ட மாலை, இரவுக் கடைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். பலாச்சுளை, மாம்பழம், கீரை, கிழங்கு, இனிப்புப் பாகு, இறைச்சி சேர்த்துச் சமைத்த ஊன்சோறு என்று உணவுப் பட்டியலும் உடன் வருகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் செய்வதும் இதே வேலைதான். கண்ணகியை மாதரியின் இல்லத்தில் குடியேற்றுவதற்கு முன்பு அவன் தனியே ஊருக்குள் சென்று பொற்கடை வீதி, துணி விற்கும் அறுவை வீதி, தானியம் விற்கும் கூல வீதி ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்து வருகிறான். பரிபாடல் திரட்டில் வரும் பாடலொன்று ஊரைத் தாமரைப் பூவாகவும், தெருக்களை இதழ்களாகவும், நடுவிலுள்ள கோயிலைப் பொகுட்டாகவும் காண்கிறது. அக்கால ஊர் இன்றைய ஊரின் மனையிலேயே நின்றதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். ஆயினும் நடுவிலிருந்து அடுக்கடுக்காக விரியும் ஊர் என்ற எண்ணம் நாயக்கர் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று என்பதற்கு இப்பாடல் போதிய சான்று.

இன்று மதுரையில் நடைச்சுற்றுலா நடத்துவோர் பலர் கோயில் வாயிலிலேயே தொடங்கிவிடுகின்றனர். வரலாற்றை அறிய விரும்புவோருக்கு அதனினும் ஏற்றது வெளியிலிருந்து உள்ளே செல்லும் வழியாகும். ரயில் நிலையத்தில் இறங்கி மேல வெளி வீதியில் கால் வைப்பவர், 19ஆம் நூற்றாண்டிலிருந்து தம் நடையைத் தொடங்குகிறார். வெளி வீதிகள் நான்கும் கோட்டைக்கு வெளியே இருந்ததால் அப்பெயர் பெற்றன என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அவை கோட்டையின் மதிலும் அகழியும் கிடந்த தரையின் மீதே அமைந்தவை. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டியதாகக் கூறப்படும் அக்கோட்டைக்கு 72 கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து வெளியே புடைத்து நிற்கும் காவல் மேடைகள், இருந்தன என்றும், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் விடப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. நெரிசலும் நோயும் மிகுந்த ஊரை விரிவாக்க எண்ணிய மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன், 1840களில் அக்கோட்டையை இடிக்கத் துணிந்தார். அரசின் கையிலிருந்த பணம் அதற்குப் போதாது; ஆகவே மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையை ஏற்பவருக்கு அந்த நிலத்தையே வீட்டுமனையாகத் தருவது என்ற ஏற்பாட்டைக் கண்டார். மக்களே மதிலைப் பிரித்தெடுத்தனர். நில அளவையை நடத்திய மாரட்டின் பெயரும், இடிப்பு வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட தெருக்களுக்குச் சூட்டப்பட்டு இன்றும் வழங்குகின்றன. நில அளவையாளரின் பெயரோடு கட்டடத் தொழிலாளர் தலைவர் ஒருவரின் பெயரும் நகர வரைபடத்தில் நிலைத்தது தமிழக நகரங்களில் அரிதாகக் காணப்படுவது. பெரியார் பேருந்து நிலையத்தையொட்டி மேற்குக் கோட்டை வாயிலின் ஒரு துண்டு மட்டும் தப்பி நிற்கிறது. பேருந்துக்கு விரைவோரில் அதை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே.

ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள மங்கம்மாள் சத்திரம், 1689 முதல் 1706 வரை தன் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை நடத்திய அரசியின் பெயரைத் தாங்கியது. சத்திரம் என்பது வழிப்போக்கருக்குத் தங்க இடமும் பெரும்பாலும் உணவும் அளித்த அறநிலையம். மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சாலையோர மரங்களோடும் சத்திரங்களோடும் தென்மாவட்டம் முழுவதும் பிணைந்து கிடப்பதற்குக் காரணம், பயணிக்குச் சோறிடுவதை அவர் ஆட்சியின் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டமையே. விலைக்குச் சோறு விற்கும் உணவகங்கள் பெருகுவதற்கு முன்பு ஊருக்குப் புதியவர் சாப்பிட்ட இடங்கள் இத்தகையவை. இன்று அதே சுற்றுவட்டாரத்தில் நெய் சொட்டும் கோதுமை அல்வாவைச் சூடாக இலைத்துண்டில் வாங்கித் தின்றபடி ரயிலுக்குக் காத்திருப்போரைக் காணலாம்.

வெளி வீதியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள், சித்திரை வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் அமைந்திருக்க, கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள் சுற்றி ஓடுகின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் தமிழ் மாதமொன்றின் பெயர் உண்டு; அம்மாதத் திருவிழாவில் இறைவனும் இறைவியும் உலாப்போகும் வழி என்பதே பெயரின் பொருள். ஆனால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரைத் திருவிழாத் தேரைச் சித்திரை வீதியில் தேடுபவருக்கு அது அங்கே கிடைக்காது. தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசி மாதத்தில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் விழாவோடு சேரும்படி அமைத்தார் என்பது இம்மாற்றத்துக்கு வழங்கும் விளக்கம். சைவக் கோயிலின் திருமணமும் வைணவக் கோயிலின் ஆற்றுவிழாவும் ஒரே கூட்டத்தை ஈர்க்கத் தொடங்கியதும், சுற்றுவட்டார ஊர்களின் உழவரும் கள்ளரும் இடையரும் ஒரே வாரத்தில் தலைநகரில் திரண்டனர். அரசியலில் அதன் பயன் சிறிதன்று. திருக்கல்யாண நாளில் வடக்கு வெளி வீதியில் உள்ள சேதுபதி பள்ளி வளாகத்தில் பல்லாயிரவருக்குக் கல்யாண விருந்து நடக்கிறது. உண்டு எழுந்தோர், உறவினர் வீட்டுத் திருமணத்தில் செய்வதைப்போலவே மொய் எழுதிச் செல்கின்றனர். பாரதியார் 1904இல் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணிபுரிந்த பள்ளியும் இதுவே.

மேலமாசி வீதியில் நடப்பவர் காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மேலாடையைத் துறந்து இடைத்துணி மட்டும் அணியத் தொடங்கிய வீட்டைக் கடக்கிறார். அது இப்போது கதர் விற்பனை நிலையமாக இருக்கிறது. தெற்கே சற்று விலகினால், பெருமாள் மூன்று நிலைகளில் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சி தரும் அட்டாங்க விமானத்தையுடைய கூடலழகர் கோயில். அதற்கு அப்பால் காஜிமார் தெருவும் அதன் பெரிய பள்ளிவாசலும். நகர நீதிபதிகளாகிய காஜியாரின் வழிவந்தோர் வாழும் அத்தெருவின் தொடக்கத்தைப் பாண்டியர் காலத்துக்கே அவர்களது குடும்ப மரபு கொண்டுசெல்கிறது. 1311இல் மாலிக் காபூர் நடத்திய படையெடுப்பையும், அதன்பின் சுமார் நாற்பதாண்டுகள் நீடித்த மதுரைச் சுல்தான்களின் ஆட்சியையும் மட்டும் கொண்டு இவ்வூரின் இசுலாமியர் வரலாற்றைத் தொடங்குவது பிழை. குதிரை வணிகத்தின் வழியே அரபு நாட்டாரின் தொடர்பு பாண்டியருக்கு அதற்கு முன்பே இருந்தது. நண்பகலில் அத்தெருப்பக்கம் பிரியாணி வாசம் அடிக்கும்.

ஆவணி மூல வீதிகளுள் தெற்கு வீதி பொன்னுக்குரியது. நகைக்கடைகளும், பின்சந்துகளில் பட்டறை போட்டிருக்கும் பொற்கொல்லரும், பழைய நகையை உரைத்துப் பார்த்து விலை சொல்வோரும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றனர். பெயருக்குக் காரணமான ஆவணி மூல நாள், உணவு வரலாற்றில் ஆர்வம் கொண்டோர் நின்று நோக்கவேண்டிய நாளாகும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் 64 கதைகளுள் ஒன்று அன்று நடித்துக் காட்டப்படுகிறது: வைகையில் வெள்ளம் பெருகி, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று அரசன் ஆணையிட, பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற முதியவளுக்கு அனுப்ப ஆளில்லை, சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு, வேலை செய்யாமல் தின்று உறங்கி, பிரம்படி படுகிறார், அந்த அடி அடித்த அரசன் முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் விழுகிறது. அன்றைய நாளில் சுவாமியும் அம்மனும் வைகைக்கரைப் பக்கமுள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருள, திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்கின்றனர்.

புராணத்தைப் பாண்டியர் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் கதையில் தெய்வம் நீங்கலாக எஞ்சுவன அனைத்தும் அன்றாட வாழ்க்கையிலிருந்து வந்தவை. கூலியின்றி ஊர்ப்பொதுவேலைக்கு ஆள் அனுப்பவேண்டிய கடமை, சோழ பாண்டியக் கல்வெட்டுகளில் வெட்டி என்ற பெயரில் வரும் கட்டாய உழைப்பை நினைவூட்டுகிறது. குடும்பத்துணையற்ற பெண்ணொருத்தி தெருவில் அவித்த பண்டம் விற்றுத் தனியே வாழ்ந்ததும், உடைந்த பண்டம் விலைபோகாது என்பதால் அதுவே கூலியாயிற்று என்பதும், கதை கேட்டோருக்கு விளக்கம் தேவைப்படாத செய்திகளாக இருந்திருக்கவேண்டும். மாவில் ஈரம் மிகுந்தால் பிட்டு வேகும்போது கட்டிபிடிக்கும், ஈரம் குறைந்தால் உதிரும். வந்தியின் பிட்டு அன்று முழுவதும் உதிர்ந்துபோகச் செய்தது இறைவனின் குறும்பு என்று கதை சொல்வோர் கூறுவதில், அடுப்படி அறிந்தவர்களின் நகைச்சுவை தெரிகிறது. அரசனின் தண்டனை தவறாகிப்போன கதையாக, தெருவோர உணவு விற்பவள் வென்ற கதையாக ஒரு நகரத்தின் பெருந்திருவிழா அமைவது சிறப்புடையது.

சித்திரை வீதிகளில் நடப்பதற்கு இப்போது தடையில்லை, வாகனங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. கோயிலின் உட்புறத்தை இத்தொடரின் முந்தைய பகுதி விரிவாகக் கூறியிருப்பதால் இங்கே கிழக்குக் கோபுரத்துக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தை மட்டும் சொல்வது போதும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய இம்மண்டபம், அவரையும் அவருக்கு முன்னிருந்த நாயக்க அரசர்களையும் தூண்களில் ஆளுயரச் சிலைகளாகக் கொண்டது. அந்தச் சிலைகளின் காலடியில் பல தலைமுறைகளாகத் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாசிமணி விற்போரும் இருந்துவந்தனர். அளவு கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் சென்று திரும்பினால் சட்டை தைத்து ஆயத்தமாக இருக்கும் என்ற பேச்சு ஊரில் உண்டு. மண்டபத்துக்குக் கிழக்கே, மற்ற கோபுரங்களையெல்லாம் விஞ்சும் எண்ணத்தோடு தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன இராயகோபுரம் இருக்கிறது. அதன் பேரளவான வாயில்நிலைகளுக்கு நடுவே பித்தளைக் குத்துவிளக்குகளும் இட்லிப்பானைகளும் அண்டாக்களும் தொங்குகின்றன. கோபுரம் முற்றுப்பெற்றிருந்தால் பாத்திரக்கடைகளுக்கு இவ்வளவு நல்ல இடம் கிடைத்திராது.

இவ்வூரின் வணிக ஒழுங்கை முழுமையாகக் காட்டுவது கீழமாசி வீதி. மளிகைப் பொருள்களின் மொத்த வணிகம் நடக்கும் இத்தெருவில் விடியற்காலையிலிருந்தே லாரிகள் வந்து நிற்க, வத்தல் மூட்டை இறக்குவோர் துண்டால் மூக்கைப் பொத்தியபடி தும்மிக்கொண்டே வேலைசெய்வர்; மல்லி, புளி, பருப்பு, மிளகு, சீரகம், வெல்லம் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி மண்டியில், அதாவது விளைவித்தவருக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் இடையில் நின்று தரகு பெறும் மொத்தக் கடையில், குவிந்திருக்கும்; கடை வாசலில் திறந்து வைத்த சாக்குகளிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்தபின்பே வாங்குவோர் விலை பேசத் தொடங்குவர். சிலப்பதிகாரத்தின் கூல வீதியில் துலாக்கோலோடும் பறை, அம்பணம் என்னும் முகத்தல் அளவைக் கருவிகளோடும் வணிகர் அங்குமிங்கும் திரிய, பருவம் என்ற வேறுபாடின்றி மிளகு மூட்டைகள் கிடந்தன என்று இளங்கோவடிகள் காட்டுவதை அறிந்தவருக்கு, இத்தெருவில் மாறியிருப்பன அளவைக் கருவிகளும் மிளகாயின் வரவுமே என்று தோன்றும்.

காப்பியத்தை மட்டும் நம்பவேண்டியதில்லை. மதுரைக்கு வடக்கே அழகர்மலையின் குகைத்தளத்தில், சமணத் துறவியருக்குக் கல்லில் படுக்கை வெட்டித் தந்தோரின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஒருவனும், உப்பு வணிகன் ஒருவனும், பாகும் வெல்லமும் விற்ற பாணித வணிகன் ஒருவனும், உழுகொழு விற்ற வணிகன் ஒருவனும் இடம்பெறுகின்றனர். அரசரின் வெற்றிகளைப் பேசாத இக்கல்வெட்டுகள், உப்பையும் இனிப்பையும் விற்றுக் கையில் மிஞ்சியதை அறத்துக்குக் கொடுக்கக்கூடிய அளவுக்கு வளம்பெற்ற தனித்தனி வணிகர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் இருந்ததை உறுதிப்படுத்துகின்றன. ஒவ்வொருவரும் தாம் விற்ற பொருளையே தம் அடையாளமாகப் பொறித்துக்கொண்டனர். கீழமாசி வீதியில் கடைக்காரர்களை இன்றும் அவ்வாறே புளிக்கடைக்காரர், வெல்லமண்டிக்காரர் என்றே அழைக்கின்றனர்.

இதனால் கீழமாசி வீதியின் வணிகர்கள் சங்க கால வணிகரின் நேர்வழியினர் என்று கொள்வது தவறாகும். 19ஆம் நூற்றாண்டில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த நாடார் வணிகர் இங்கே பேட்டை அமைத்தனர். பேட்டை என்பது சரக்கையும் வண்டிமாட்டையும் பாதுகாப்பாக நிறுத்தி, வணிகர் தங்கிச் செல்ல உதவிய சுற்றுச்சுவர் சூழ்ந்த வளாகம். வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமை என்ற பெயரில் பொதுநிதிக்கு எடுத்து, அதிலிருந்து பேட்டைகளையும் கிணறுகளையும் பின்னர் பள்ளிகளையும் அவர்கள் கட்டினர். கோயிற்பக்கம் வரக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், கோயிற்றேர் ஓடும் வீதியிலேயே வணிகத்தால் வேரூன்றியபின், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்தில் ஒடுக்கப்பட்ட பிற மக்களோடு கோயிலுக்குள்ளும் நுழைந்தது. வீதி பழையது; அதில் யார் கடைபோடலாம் என்பது ஒவ்வொரு காலத்திலும் புதிதாகப் போராடித் தீர்க்கப்பட்டது.

கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் மூலையில் நிற்கும் விளக்குத்தூண், கோட்டையை இடித்த பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது. ஊரார் அவரை மறந்துவிட்டனர்; இப்போது இவ்விடத்தின் புகழுக்குக் காரணம் ஜிகர்தண்டா. கண்ணாடிக் குவளையின் அடியில் ஊறவைத்த கடற்பாசியைப் போட்டு, நன்னாரி சர்பத்தை ஊற்றி, நிறம் மாறும்வரை சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பாலைச் சேர்த்து, மேலே ஏடுமிகுந்த பாலால் செய்த ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வைத்துத் தருவர். கடைக்காரரின் கை ஒரு குவளைக்கு ஓடும் வேகத்தை நின்று பார்ப்பதே ஒரு காட்சி. இப்பானத்தைச் சுல்தான்களின் அரண்மனைக்கோ நாயக்கரின் அந்தப்புரத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகாட்டிகள் உண்டு. தமிழகத்துக்குப் பனிக்கட்டி வந்ததே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியாகத்தான்; அதைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842இல். ஆகவே இன்றைய வடிவிலான ஜிகர்தண்டா, தூணைவிடப் பழையதாக இருக்க வழியில்லை. குளிர்ச்சி தரும் பால்பானங்களில் தேர்ந்த உருதுமொழிச் சமையல் மரபும், தமிழகத்து நன்னாரி வேரும், ஆங்கிலேயர் காலத்துப் பனிக்கட்டியும் ஒரு குவளையில் சேர்ந்ததே அதன் வரலாறு. அது அரண்மனைக் கதைகளைவிடச் சுவையானது.

விளக்குத்தூணிலிருந்து மகால் எனப்படும் நாயக்கர் அரண்மனையை நோக்கிச் செல்லும் சந்துகள் துணிக்கடல். அதன் நடுவே, சேலைக்கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையில், எதையும் தாங்காமல் பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பத்துத்தூண் என்று தெருவுக்கே பெயராகிவிட்ட அவை, திருமலை நாயக்கரின் அரண்மனை எவ்வளவு தொலைவு பரந்திருந்தது என்பதை உணர்த்துகின்றன. 1636இல் முடிந்த அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்களவே. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது வேலைப்பாடுகளைப் பெயர்த்துச் சென்றார் என்பர். மீந்த சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுதுபார்க்கப்பட்டுப் பின்னர் நீதிமன்றமாகப் பயன்பட்டன. உட்கூரையின் சுதைவேலையை, அதாவது சுண்ணாம்புச் சாந்தால் செய்த உருவ வேலைப்பாட்டை, அண்ணாந்து பார்க்கும் பயணிகள், சுற்றுத்தெருக்களைப் பாராமலேயே பேருந்தேறிவிடுவது வருந்தத்தக்கது. அத்தெருக்களில் வாழும் சௌராஷ்டிரர் குஜராத்துப் பக்கமிருந்து நூற்றாண்டுகளாக இடம்பெயர்ந்து, விசயநகர நிலப்பகுதி வழியே வந்து சேர்ந்த பட்டுநெசவாளர். வீட்டில் பேசும் மொழியை இன்றளவும் விடாதவர். துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சவிழ்த்துப் புள்ளி எடுக்கும் சுங்குடிச் சேலை அவர்களது கைவண்ணம். 2005இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலைவேளையில் அப்பகுதியில் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்த பச்சை நிற வடையைப் பொடி தூவி விற்பர். சளிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே நான்கைந்து தின்றுவிடுவது வாங்குவோர் வழக்கம்.

இருட்டியபின் ஊர் அசைவத்துக்குத் திரும்புகிறது. சிம்மக்கல் பக்கத்திலும் வெளி வீதிகளிலும், தடித்த தோசையின் மேல் முட்டையை உடைத்தூற்றி, சுண்டவைத்த ஆட்டுக்கறியைப் பரப்பித் திருப்பிப் போட்ட கறிதோசையும், குடல் குழம்பும், கோலா உருண்டையும், பரோட்டாவும் இரவின் உணவு. மதுரைக்காஞ்சியின் ஊன்சோற்றோடு இவற்றை நேராகப் பிணைக்க முயல்வோர், காரத்தின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர்: அமெரிக்கக் கண்டத்தின் செடியாகிய மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்பே இந்நாட்டு அடுப்பை அடைந்தது, விசுவநாத நாயக்கர் கோட்டை கட்டிய நாளில் மதுரைக் குழம்பின் உறைப்பு பெரும்பாலும் மிளகினுடையது. பல பழைய கோயில்களின் மடைப்பள்ளிகள் இன்றளவும் மிளகாயை ஏற்காமல் மிளகோடு நிற்பதால், கோயில் பிரசாதமே பழைய சுவைக்கு நெருங்கியது.

தூங்கா நகரம் என்ற பட்டத்துக்கும் மதுரைக்காஞ்சியையே சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. அல்லங்காடியின் ஆரவாரத்தைப் பாடிய புலவர் அங்கே நின்றுவிடவில்லை. இரவைச் சுமார் மூன்று மணி நேரம் கொண்ட யாமங்களாகப் பகுத்துச் சொல்லும் அவர், இரண்டாம் யாமத்தில் கடைகளை அடைக்கிறார். தேன்கூட்டைப்போல் துளைவிழுந்த மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த கொழுக்கட்டையும், பாகும் விற்ற அப்ப வணிகர் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகின்றனர். நள்ளிரவில் அலையடங்கிய கடலைப்போல் ஊர் முழுவதும் உறங்க, கள்வரைத் தேடும் ஊர்காவலர் மட்டும் விழித்திருக்கின்றனர். அந்த மதுரை நன்றாகத் தூங்கிய ஊர். இன்றைய மதுரை நள்ளிரவிலும் இட்லி அவிப்பதற்குக் காரணங்களைப் பிற்காலத்தில் தேடவேண்டும்: ரயில் நிலையத்தை அடுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஹார்வி ஆலையில் இரவுமுறை முடித்து வந்த தொழிலாளர், தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் காத்திருந்தோர், பூவும் காயும் ஏற்றிவந்து விடியுமுன் விற்கவேண்டியிருந்த உழவர் ஆகியோரின் பசியே இந்தப் பட்டத்தை ஊருக்குப் பெற்றுத் தந்தது. தெருமுனைத் தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தோடு நிற்கும் பருத்திப்பாலும் இதே வரலாற்றைச் சேர்ந்தது. ஊறவைத்த பருத்திவிதையை அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் இப்பானம், பஞ்சை ஆலைக்கும் நெசவுக்கும் கொடுத்த கரிசல் நிலம் மீதமான விதையை உணவாக்கியதன் விளைவு. ஒரே செடி சுங்குடிக்கும் ஆலைச்சங்குக்கும் இந்தச் சூடான குவளைக்கும் மூலமாக இருப்பதை, நடந்து வருபவர் ஒரே மாலையில் கண்டுகொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் இந்த ஒழுங்கு கலையத் தொடங்கியிருக்கிறது. ஆவணி மூல வீதிப்பக்கம் இருந்த மத்தியக் காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் பெயர்ந்துவிட்டது. 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீயில் கடைகளும் மண்டபத்தின் பெரும்பகுதியும் அழிந்தபின், கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புதுமண்டபத்துத் தையற்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டனர். தூண்களைக் காக்க இவை தேவையான நடவடிக்கைகளே என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழமாசி வீதியின் மண்டிகளையும் ஊருக்கு வெளியே அனுப்பவேண்டும் என்ற பேச்சு, நெரிசலைக் காரணம் காட்டி அவ்வப்போது எழுகிறது. மதுரையின் மரபுச் சின்னங்களைப் பட்டியலிடுவோர், கோபுரங்களுக்கும் மகாலுக்கும் அடுத்த வரியில் அந்த மளிகைத் தெருவையும் எழுதிக்கொள்வது நல்லது. கூல வீதி இல்லாத மதுரையைச் சிலப்பதிகாரமும் அறியாது.

அடுத்த பகுதி வைகையைக் கடந்து, கோரிப்பாளையம் தர்காவையும் தமுக்கத்தையும் காண்கிறது.